வாங்க, வா, வாடி

அறுநூற்றுப் பன்னிரண்டாவது பக்கம் வரை வந்தாயிற்று. பனிமாறன் இன்னும் மேகலையின் சுண்டுவிரலைக்கூடத் தொடவில்லை.

தொடத்தான் போனான். அறுநூற்றுப் பதினொன்றில் கை நீண்டது. பன்னிரண்டில் எங்கோ ஒரு கொம்பு ஊதியது, நீண்ட கை மடங்கிக்கொண்டது. இந்தக் கொம்பு இதற்குமுன் ஒன்பது தடவை ஊதியிருக்கிறது. கோகிலவாணி வாசிப்புப் பலகையை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "கருமம்" என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் இன்னொரு தடவை சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஈரோட்டில் இருந்துகொண்டு ஒரு வார இதழுக்கு இருபத்தாறு வருடங்களாகப் புத்தக மதிப்புரை எழுதுகிறாள். கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள் என்று எழுத்தாளர்கள் நடுவே பெயர். அதற்காகக் காதல் கதை என்றால் மூக்கைச் சுளிக்கிற ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல காதல் கதை கிடைத்தால் சோற்றுத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவள்தான். அந்த வயிற்றெரிச்சல்தான் இப்போது. பசியோடு பந்தியில் உட்கார்ந்தவளுக்கு இலையைத் துடைத்துத் துடைத்துக் காட்டினால் எப்படி இருக்கும்?

நாவலின் பெயர் 'முன்பனி அரண்மனை'. ஆனைமலைக் காட்டுக்குள் மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ராஜ்யம். அங்கே வாழ்பவர்கள் அணங்குகள். பழைய பாட்டுகளில் அணங்கு என்றால் பெரும்பாலும் பெண்; கதாநாயகன் வேண்டுமே என்று 'அணங்கன்' என்று ஒரு சொல்லைப் பெற்றுப் போட்டிருந்தார்கள். அணங்கனுக்கு வெற்றிலை நுனி மாதிரிக் கூரான காது, வெள்ளி நிறக் கண், முந்நூற்று நாற்பது வயது. அவனால் பொய் சொல்ல முடியாது. ஆனால் நேராக ஓர் உண்மையைச் சொல்லித் தொலைக்கவும் மாட்டான். ஆழியாற்றங்கரையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் இருபத்து மூன்று வயது மேகலை, தெரியாமல் அந்தக் காட்டுப் பழம் ஒன்றைத் தின்றுவிடுகிறாள். தின்றவள் திரும்பிப் போக முடியாது. கதை அவ்வளவுதான். மீதிப் பக்கமெல்லாம் பெருமூச்சு.

இந்த வகை நாவலுக்கு வாசகிகள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'சிம்மில் வைத்த காதல்'. அடுப்பைச் சிம்மில் வைத்தால் பால் பொங்க நேரமாகும். ஆனால் என்றைக்காவது பொங்கும். இது பொங்குகிற பாலாகத் தெரியவில்லை. நாற்பது லட்சம் பேர் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தார்கள்.

அட்டையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நீங்கள்' என்று போட்டிருந்தது. கோகிலவாணிக்குக் குமட்டல் அங்கேயே தொடங்கிவிட்டது.

அது பொய்யும் இல்லை. பலகையோடு கூடவே நாடிப்பட்டை என்று ஒரு ரப்பர் பட்டை வருகிறது. அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால்தான் பக்கம் திரும்பும். வாசிப்பவரின் நாடி எங்கே துள்ளுகிறது, எங்கே படுக்கிறது என்று பார்த்துப் பார்த்து, இயந்திரம் அடுத்த பக்கத்தை அப்போதைக்கப்போது எழுதித் தருகிறது. 'துடிப்பகம்' என்கிற பதிப்பகத்தின் கண்டுபிடிப்பு. ஆளுக்கொரு முன்பனி அரண்மனை, ஆளுக்கொரு பனிமாறன்.

"இதுக்கு மதிப்புரை எழுத முடியாதுங்க சார்" என்று ஆசிரியர் செபாஸ்டியனிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். "நான் படிச்ச கதைய இந்த உலகத்துல வேற ஒருத்தரும் படிக்கப் போறதில்ல. அப்பறம் யாருக்கு எழுதறது?"

"உங்க கையில இருக்கிறதுக்கு எழுதுங்கம்மா. ஊரே அதத்தான் படிக்குது. நாம வாயே திறக்கலன்னா நல்லாவா இருக்கும்? புதன்கிழமைக்குள்ள குடுங்க."

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை மறுபடி நிமிர்த்தினாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோகிலவாணி நியாயமான விமர்சகி. நானூறு பக்கம் மேகலையை 'நீங்கள்' என்று அழைத்துவந்த பனிமாறன், ஒரு மழையில், ஒரு பாலத்தின்மேல், தன்னை மறந்து 'நீ' என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்ட இடம் நன்றாக இருந்தது. தமிழில் காதல் செய்வதற்குத் தொடவே தேவையில்லை, ஒரு 'ங்கள்' உதிர்ந்தால் போதும் என்று யாரோ ஒரு காலத்தில் புரிந்து எழுதியதை இயந்திரம் எங்கிருந்தோ சுட்டிருக்கிறது. சுட்டாலும் நல்லதைத்தான் சுட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு அவள் ஓரத்தில் ஒரு சரி போட்டாள்.

அறுநூற்று நாற்பதில் அது வந்தது.

'எங்கே போகிறாய்? என்னைக் கேட்காமல் வாசல் தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன். உட்காரடி.'

கோகிலவாணிக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு தொண்டைக்கு வந்தது. அவள் வளர்ந்த வீட்டில் 'டி' கிடையாது. கொங்கு நாட்டில் பல வீடுகள் அப்படித்தான், அவளுடைய வீடு கொஞ்சம் கூடுதல். அப்பா பெற்ற பெண்களையே "வாங்க அம்மிணி" என்பார். கட்டுத்தறிக் கன்றுக்குட்டிகூட அவர் வாயில் 'வாங்க, போங்க'தான். பள்ளிக்கூடத்தில் தோழிகள் ஒருத்தியை ஒருத்தி 'வாடி' என்று கொஞ்சியபோது இவளுக்கு அது வேறு ஊர்ப் பாஷையாகத்தான் கேட்டது. டி-யில் கொஞ்சுகிற டி இருக்கிறது, ஏறி மிதிக்கிற டி இருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்து. பனிமாறனுடையது எது என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

விமர்சகர்களுக்குத் தரும் பலகையில் பக்க ஓரத்தில் நாடி எண் தெரியும். அந்த வரிக்கு நேரே 131 என்று இருந்தது.

அதற்குப்பின் டி மழையாகக் கொட்டியது. அடுத்த இருபது பக்கத்தில் முப்பத்தேழு. அவள் எண்ணினாள். பனிமாறன் மேகலையின் செருப்பைப் பிடுங்கி வைத்தான், தோழிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தான், அவள் அழுததை ரசித்தான். ஒவ்வொன்றுக்கும் கோகிலவாணிக்குக் காது சுட்டது, கை வியர்த்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த பக்கத்தில் இன்னும் ஒரு படி கூடுதலாக வந்தது. பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுத் துடிப்பகத்துக்குப் போன் போட்டாள். விமர்சகர்களின் கேள்விக்குப் பதில் சொல்லவென்றே ரித்விகா என்று ஒரு பொறியாளரை வைத்திருந்தார்கள். சென்னைப் பெண், மரியாதையான குரல்.

"அந்த எடத்துல எனக்கு நூத்தி முப்பத்தொண்ணு காட்டுது கண்ணு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் மேடம்."

"எனக்கு வாந்தி வந்துச்சு."



"நாடி ஏறுது, தோல் வியர்க்குது, அது மட்டும்தான் அதுக்குத் தெரியும் மேடம். எதனால ஏறிச்சுன்னு தெரியாது. ஏறின எடத்துல என்ன இருந்துச்சோ அத அடுத்த பக்கத்துல கொஞ்சம் கூட்டிப் போடும்."

"ஆசைப்பட்டாலும் ஏறும், அருவருத்தாலும் ஏறும். பயந்தா?"

"பயந்தா சீக்கிரம் ஏறும். எறங்க நேரமாகும்." ரித்விகாவின் குரல் தணிந்தது. "அதனால பயத்துக்கு அது மார்க் ஜாஸ்தி போடுது. நாங்க சொல்லிக் குடுக்கல மேடம், அதுவா கத்துக்கிச்சு. முக்காவாசிப் பேருக்கு ஹீரோ கடைசியில கைநீட்டறவனாத்தான் வந்து நிக்கறான்."

"ஏறாம எறங்காம, ஒருத்தி பாட்டுக்கு நிம்மதியாப் படிச்சிட்டிருந்தா?"

"போரடிக்குதுன்னு எடுத்துக்கும். வேற ஏதாவது போட்டுப் பாக்கும்."

"நீங்க படிக்கறீங்களா இத?"

"எங்க ஆபீஸ்ல யாரும் படிக்கிறதில்ல மேடம்."

கோகிலவாணி போனை வைத்துவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சாக்கடையில் விழுந்த சாமானை எடுத்தபிறகு கழுவுவதுபோல இரண்டு தடவை கழுவினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை தங்கை அருள்ஜோதி பெருந்துறையிலிருந்து வந்தாள். நாற்பத்து நான்கு வயது. மஞ்சள் சந்தையில் தரம் பார்க்கிற வேலை. ஒரு விரலி மஞ்சளை ஒடித்து, அந்தச் சத்தத்திலேயே காய்ச்சல் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். கணவன் சென்னியப்பன் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து ஐந்து வருடம் ஆயிற்று என்பது கோகிலவாணிக்கு உடனே பட்டது.

"ஒருத்தரச் சரின்னு சொல்லிப்போட்டேங்க்கா. ஞாயித்துக்கெழம நிச்சயம். நீங்கதான் முன்னால நின்னு நடத்தோணும்."

மாப்பிள்ளை லோகநாதன், திருச்செங்கோட்டுக்காரர், இரண்டு போர்வெல் வண்டி வைத்திருக்கிறார், அவரும் மனைவியை இழந்தவர். கோகிலவாணிக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. காப்பி போட எழுந்தாள். அப்போது அருள்ஜோதியின் கைப்பேசி ஒலித்தது, லோகநாதன்தான். அவள் அக்காவும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

"எங்கடி போயித் தொலஞ்ச? போன எடுக்க இத்தன நேரமா?"

"அக்கா ஊட்டுக்கு வந்தேனுங்க."

"சொல்லிட்டுப் போகோணும்னு தெரியாது? வைடி."

அவ்வளவுதான் பேச்சு. கோகிலவாணி பால் பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அருள்ஜோதியின் முகம் சிவந்திருந்தது. அவமானத்தில் சிவந்ததாகத்தான் அக்காக்காரி நினைத்தாள்.

"எப்படி அடிக்குதுன்னு பாருங்க்கா" என்று தங்கை மணிக்கட்டை நீட்டினாள். "அவரு கூப்புட்டாப் போதும், நெஞ்சு எகிறி வாய்க்கு வந்துருது. அவரு இருந்தாரே, சென்னியப்பன்… பதினேழு வருசம் குடும்பம் பண்ணியும் ஒரு நாளும் எனக்கு இப்படி அடிச்சதில்லீங்க்கா. காதல்னா என்னன்னே தெரியாமத்தான் இருந்துருக்கறேன்."

கோகிலவாணி மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடியது. கை பனிக்கட்டி மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"அருளு, நீ அந்த அரண்மனையப் படிக்கறயா?"

"எட்டு மாசமாச்சுங்க்கா. நாலாயிரத்து நூறாவது பக்கத்துல இருக்கறேன்." அவள் வெட்கத்தோடு பையிலிருந்து பலகையை எடுத்து வைத்தாள். "நீங்களே படிச்சுப் பாருங்க. படிச்சா என்னையப் புரிஞ்சுக்குவீங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கறேன்."

தங்கை போன பிறகு கோகிலவாணி அந்தக் கதையைத் தன் பலகைக்கு மாற்றிக்கொண்டாள். ஓரத்து எண்கள் வரிசையாக எழுந்து நின்றன.

முதல் முந்நூறு பக்கத்தில் பனிமாறன் வேறு ஆள். 'பனியில் நிற்காதீர்கள், சளி பிடித்துக்கொள்ளும்' என்கிறான். முன்பனி அரண்மனைக்கே ராஜா, சளிக்குப் பயப்படுகிறான். மேகலை சமைத்ததில் உப்பு இல்லை. சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து, யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். ஓரத்தில் 68, 67, 68. ஒரே அமர்வில் நாலு மணி நேரம் எழுந்திருக்காமல் படித்திருக்கிறாள் அருள்ஜோதி. கோகிலவாணிக்கு அந்தச் சிட்டிகை உப்பைத் தெரியும். சென்னியப்பன் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படிச் செய்து அவள் பார்த்திருக்கிறாள். செத்துப்போன மனிதன் திரும்பிவந்து எதிரே உட்கார்ந்த மாதிரி நிம்மதியாக அவள் தங்கை படித்திருக்கிறாள். இயந்திரம் அதற்குச் சலிப்பு என்று பெயர் வைத்துவிட்டது.

அதன்பின் அது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தது. புலி, வெள்ளம், பொறாமைக்கார அணங்கு, எதற்கும் பெரிதாக ஏறவில்லை. முந்நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் முதல் 'டி'. 124. வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் அதைக் கேட்டிராத ஒரு பெண்ணுக்கு வேறு என்ன ஆகும்? நடுங்கியிருக்கிறாள். நடுங்கினாள் என்றதும் அதையே பிடித்துக்கொண்டது. உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டவன் ஆயிரமாவது பக்கத்தில் தட்டை எறிகிறான். இரண்டாயிரத்தில் தட்டோடு சேர்த்து அவளை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மேகலை தன் நெஞ்சில் கைவைத்து, 'இதுதான் காதலா?' என்று கேட்டுக்கொள்கிறாள். நாலாயிரத்து நூறு பக்கம் ஒரு மனுஷி அதைப் படித்திருக்கிறாள்.

கோகிலவாணி அழவில்லை. அவளுக்கு அருவருப்புதான் வந்தது, உடம்பு முழுக்க. யாரோ தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து எட்டு மாதமாக எச்சில் கையால் அவள் மனசைத் துழாவியிருக்கிறார்கள். அந்த 'யாரோ'வுக்கு ஒரு முகம் இருந்தாலாவது காறித் துப்பலாம்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். கதையைப் பற்றி நாலே வரி. மீதியெல்லாம் எண்ணைப் பற்றி. 'இந்தப் புத்தகத்துக்கு உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்கிறது, ஏன் அடித்துக்கொள்கிறது என்பது கேட்கவில்லை. பாம்பைக் கண்டு துள்ளினாலும் பக்கத்தில் இன்னொரு பாம்பைக் கொண்டுவந்து விடும். விடுகிற கைக்கு அன்பு என்று பெயர். நான் படித்தவரையில் இதைவிட அசிங்கமான புத்தகம் கிடையாது. அசிங்கம் எழுத்தில்கூட இல்லை, காது கொடுத்த விதத்தில் இருக்கிறது.' புதன்கிழமை அனுப்பினாள். வியாழக்கிழமை இதழில் வந்தது. செபாஸ்டியன் போன் செய்து, இருபத்தாறு வருடத்தில் அவள் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்றார்.

அன்று சாயங்காலமே துடிப்பகத்தின் விளம்பரம் பேருந்து நிலையத்துத் திரை முதல் கைப்பேசி வரை எல்லா இடத்திலும் வந்துவிட்டது. கோகிலவாணியின் படம். அடியில் பெரிய எழுத்தில் '131'. அதற்கும் அடியில்: 'தமிழின் மிகக் கறாரான விமர்சகர். பேனா என்ன சொன்னாலும், நாடி பொய் சொல்லாது.'

விமர்சகர் பலகை வந்தபோது நாலு பக்க ஒப்புதல் படிவம் ஒன்று வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். படிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் அதை மட்டும் படிக்கவில்லை.

தங்கையின் போன் வந்தது.

"எதுக்குங்க்கா பொய் எழுதுனீங்க?"

"என்ன பொய் அருளு?"

"உங்களுக்கும் அடிச்சிருக்குதல்லங்க்கா. நூத்தி முப்பத்தொண்ணு. எனக்குக்கூட அவ்வளவு அடிச்சிருக்காது."

"அது குமட்டல்ல அடிச்சது. எரிச்சல்ல."

"எனக்கும் மொத மொத அப்படித்தான் இருந்துச்சு. அப்பறந்தான் தெரிஞ்சுது." அருள்ஜோதியின் குரலில் கோபம் இல்லை; புரிந்துகொண்டவளின் கனிவு இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "வெளிய சொல்லிக்கக் கூச்சமா இருக்குது உங்களுக்கு. பரவால்லீங்க்கா. ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துருங்க."

இருபத்தாறு வருடம் சொல்லை நம்பிப் பிழைத்தவள் போனைக் கீழே வைத்தாள். எதைச் சொன்னாலும் அந்த 131 குறுக்கே வந்து நிற்கும். இனி ஒரே வழிதான் இருந்தது. அந்த லோகநாதனை நேரில் பிடித்து, நாலு பேர் நடுவில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டு, அவர் யார் என்று தங்கையின் கண் முன்னால் காட்டிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை வீட்டில் ஒறம்பரை, சொந்தபந்தம் என்று இருபது பேர் இருந்தார்கள். வெற்றிலைத் தட்டு, பழத்தட்டு, புடவைத் தட்டு எல்லாம் ஜமுக்காளத்தில் வரிசையாக இருந்தன. லோகநாதன் வேப்பமரத்தடியில் தன் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கோகிலவாணி போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் பதறிக்கொண்டு இறங்கினார். ஒடிசலான மனிதர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார்.

"வாங்க்கா. உள்ள புழுக்கமுங்களேன்னு இங்க உக்காந்தனுங்க."

எடுத்த எடுப்பில் இத்தனை 'ங்க' வரும் என்று கோகிலவாணி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"எங்கூட நல்லாப் பேசறீங்க. என்ற தங்கச்சிகிட்ட மட்டும் என்ன பேச்சு அது? நாயக் கூப்புடற மாதிரி?"

அவர் முகம் கறுத்தது. தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் காலால் வேப்பம்பழத்தைத் தள்ளினார்.

"போன் பேசறதுக்கு முன்னால இந்தக் காருக்குள்ள உக்காந்து ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்குவனுங்க்கா. இப்பவும் அதுதான் பண்ணிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"அவங்கதானுங்க அந்தப் பொஸ்தகத்தக் குடுத்தாங்க. இதுல என் மனசு இருக்குது, படிச்சா என்னையப் புரிஞ்சுக்குவீங்கன்னாங்க. படிச்சனுங்க. இப்படி இருந்தாத்தான் அவங்களுக்குப் புடிக்கும்போலன்னு…" அவர் எச்சிலை விழுங்கினார். "ஒரு நா எப்பவும்போலப் பேசினேன், ஏன் என்மேல கோவமான்னு அழுதாங்க. மறுநா டி போட்டேன், சந்தோசமாயிட்டாங்க. எனக்கு அவங்களப் புடிச்சிருக்குதுங்க்கா. அதுக்குத்தான். மொதல்ல நாக்கெல்லாம் கூசுச்சு. வாயக் கொப்புளிச்சேன்னா நம்பமாட்டீங்க."

"இப்ப?"

"இப்பக் கூசறதில்லீங்க. அதுதான் பயமா இருக்குது. போன வாரம் சோத்துல கல்லு கெடந்துதுன்னு என்ற அம்மாவ டி போட்டுப் பேசிப்போட்டேன். எழுவத்தாறு வயசுங்க அவங்களுக்கு."

 தான் நினைத்த ஆள் இவர் இல்லை என்றதும் கோகிலவாணிக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத இப்படியே வந்து அவகிட்டச் சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லுங்க."

உள்ளறையில் அருள்ஜோதி பட்டுப் புடவையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள். லோகநாதன் கைகட்டி நின்றார்.

"உங்கள அப்படிப் பேசறதுக்கு எனக்கு மனசே ஒப்பலீங்க. நான் அப்படிப்பட்ட ஆளில்லீங்க. உங்களுக்குப் புடிக்குமேன்னு பேசினேன். இனிமே வேண்டாமுங்க. நாம சாதாரணமா இருந்துக்கலாம். உங்களுக்குச் சளி புடிச்சா மருந்து வாங்கியாற ஆளுங்க நான், அவ்வளவுதான்."

அருள்ஜோதி அவர் பேசப் பேசப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் வலது கை விரல்கள் தன்னால் போய் இடது மணிக்கட்டில் நின்றன. காத்திருந்தாள். தொலைந்துபோன சாமானைத் தேடுகிற முகம்.

"ஒண்ணுமே இல்லீங்க்கா" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. பிறகு அவரிடம், "அப்ப இத்தன நாளும் நடிச்சீங்களா? என்மேல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"அருளு, அது பயம். இதுதான் அன்பு. இவரு இப்பச் சொன்னாரே, இதுதான்" என்றாள் கோகிலவாணி.

"எனக்குத் தெரியாதாக்கா? என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதா?" அருள்ஜோதி தலையிலிருந்த பூவைப் பிடுங்கிக் கட்டிலில் வைத்தாள். "வந்தவங்ககிட்டச் சொல்லிருங்க. இந்த நிச்சயம் வேண்டாம்."

வெளியே யாரோ நல்ல நேரம் போகிறது என்று குரல் கொடுத்தார்கள். லோகநாதன் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் மறுபடி அப்படிப் பேச வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் கட்டிலில் கிடந்த பூவைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவளைப் பார்த்தார்.

"எந்திரிடி" என்றார். "ஊரே காத்துட்டிருக்குது. பூவ வை."

அருள்ஜோதி நிமிர்ந்தாள். மார்பில் கைவைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் இருக்கும்போதே முகம் மலர்ந்தது, பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் அறையைவிட்டுப் போனாள்.

அந்த 'டி'யில் கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா என்று கோகிலவாணி திரும்பத் திரும்ப மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். வாக்கியம் வாக்கியமாக உரசிப் பார்த்துப் பழகிய காது அவளுடையது. இல்லை. கூச்சம் இல்லை.